பலகையை மாத்த முதல் ஆக்களைக் கேளுங்கோ



போன எபிசோட்டின் கேள்வி–பதில் பகுதியில் ஒரு தங்கச்சியின் குரல் பதிவைக் கேட்டிருப்பீர்கள். யூனிவர்சிற்றி இரண்டாம் வருடம் படிக்கும்போது அவர் தொடங்கிய ஒரு நியூஸ்லெட்டர். சொஃப்ட்வெயர் டெவலப்பராக வர விரும்பும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், புதிதாக வேலைக்குப் போனவர்களுக்கும் இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரு மெயில். ரியாக்ட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது, கோ-ஒப் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது, முதல் கோட் ரிவியூவில் அழாமல் இருப்பது எப்படி. நல்ல விசயங்கள்தான். மூன்று வருடமாக ஓடுகிறது. ஆனால் ஒரு வருடமாக ஆக்கள் கூடவில்லை.

அவருடைய கேள்வி இது: "பேரில இருக்கிற 'தமிழ்' எண்ட சொல்லை எடுத்துப்போட்டு 'ஏஐ' எண்டு போடட்டோ? எல்லா டெவலப்பருக்கும் பொதுவா மாத்தினா வளருமெல்லோ?"

நம் ஹோஸ்ட் அண்ணாமார் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. "மாத்துங்கோ தங்கச்சி. இண்டைக்கே மாத்துங்கோ. பிந்தினா இடம் போயிடும்" என்றார்கள்.

நான் அப்போது குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கை ஈரத்தோடேயே ஃபோனை நிப்பாட்டினேன். ஏனென்றால் 2023இல் நானும் அதையேதான் செய்தேன். யாரும் என்னை நிப்பாட்டவில்லை. ஆகவே இந்தமுறை எனக்கு இடம் தரும்படி அண்ணாமாரைக் கேட்டேன். "எங்களுக்கு எதிரா எழுதப்போறீரோ? சரி, எழுதும்" என்று விட்டுவிட்டார்கள். அந்த மனசுக்கு நன்றி.

என் கதை

நான் ரொறன்ரோவில் ஐடி கொன்ட்ராக்டர். ஆறு மாதம் ஒரு இடம், ஒரு வருடம் இன்னொரு இடம். 2014இல், டிகிரி முடித்துச் சில வருடங்களில், ஆங்குலர்ஜேஎஸ் பற்றி ஒரு நியூஸ்லெட்டர் தொடங்கினேன். பெயரிலேயே 'ஆங்குலர்' இருந்தது. அந்தக் காலத்தில் அது கெட்டித்தனமான முடிவு. கூகுள் 2010இல் வெளியிட்ட ஃப்ரேம்வொர்க், ஜொப் போர்டைத் திறந்தால் எல்லா விளம்பரத்திலும் அந்தப் பெயர்தான். அதைத் தேடுகிறவர்கள் கண்ணில் என்னுடையதும் படும். வளரத்தான் செய்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர். பெரிய தொகை இல்லை. ஆனால் ஞாயிறு இரவு நான் எழுதுவதைத் திங்கள் காலை ஆயிரம் பேர் திறக்கிறார்கள் என்பது இருபத்தைந்து வயதில் ஒரு போதை.

2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயரில்தான் அது அடுத்த பதிப்பு. உள்ளே முழுவதும் புதிதாக எழுதப்பட்ட வேறொரு ஃப்ரேம்வொர்க். பழைய கோட் அதில் அப்படியே ஓடாது. பழையதை 'ஆங்குலர்ஜேஎஸ்' என்றும் புதியதை வெறும் 'ஆங்குலர்' என்றும் கூப்பிடச் சொன்னார்கள். ஒரே பெயரில் இரண்டு சாமான். அதற்குள் பாதிப் பேர் ரியாக்ட் பக்கம் போய்விட்டார்கள். கடைசியில் 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு முடிந்தது. இனித் திருத்தமும் இல்லை, பாதுகாப்புப் பட்ச்சும் இல்லை.

என் நியூஸ்லெட்டரின் பெயரில் இருந்த சொல்லுக்கு அதிகாரபூர்வமாகவே இறப்புச் சான்றிதழ் வந்தாயிற்று. நானோ பழக்க தோஷத்தில் கண்டது நிண்டது எல்லாவற்றையும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமை சிஎஸ்எஸ், மறு கிழமை டொக்கர், அதற்கு அடுத்த கிழமை வீட்டிலிருந்து வேலை செய்ய நல்ல கதிரை எது. அதைப் பார்த்து எனக்கே கொட்டாவி வந்தது.

2022 நவம்பர் 30ஆம் தேதி சட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த வருடம் என் கொன்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கொன்ட்ராக்டர் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சம்பளம் நின்ற நாளிலிருந்து மோட்கேஜ் மட்டும் நிற்காது. அந்த நேரம் ஏஐ கருவி ஒன்றை விற்கும் ஒரு சின்னக் கொம்பனி, பெயர் வேண்டாம், என்னோடு கதைத்தது. "உங்கட லிஸ்ட் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பேர் பழசு. ஏஐ எண்டு மாத்தினா மாசாமாசம் ஸ்பொன்சர் பண்ணுறம்."

ஒரு சனி–ஞாயிறில் எல்லாம் முடிந்தது. புது டொமைன், காசு குடுத்துச் செய்வித்த புது லோகோ, 'ஏஐ' பொதிந்த புதுப் பெயர். அடுத்த திங்கள் ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் புதுப் பெயரில், புது முகவரியிலிருந்து, புது விசயத்தோடு, மேலே ஸ்பொன்சர் விளம்பரத்தோடு மெயில் போனது. பழைய பெயரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் 'பழசு' என்று நினைப்பார்கள் என்று எனக்குப் பயம்.

என்ன நடந்தது

முதலில், முக்கால்வாசிப் பேருக்கு அது யாரிடமிருந்து வந்த மெயில் என்றே விளங்கவில்லை. தெரியாத பெயர், தெரியாத முகவரி. அன்சப்ஸ்கிரைப் பொத்தானைத் தேடுகிறவன் நல்லவன். மற்றவன் ஸ்பாம் பொத்தானை அமத்திவிட்டுப் போய்விடுவான். இதன் விலை கனபேருக்குத் தெரியாது. கூகுள் அனுப்புநர்களுக்குச் சொல்லும் எல்லை 0.3 வீதம். ஸ்பாம் முறைப்பாடு அதற்கு மேலே போகக்கூடாது. ஆயிரம் மெயில் அனுப்பினால் மூன்று பேர். மூன்றே மூன்று பேர் எரிச்சலில் அமத்தினால் காணும். அதற்குப் பிறகு உங்களை விரும்பி வாசிக்கிறவருக்கும் உங்கள் மெயில் குப்பைக்குள்தான் போகும். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இன்னும் இறுக்கிவிட்டன. ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் ஜீமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்கவேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் குடுக்கவேண்டும். நம்மைப்போன்ற சின்ன ஆக்கள் அந்த 5,000க்குள் வரமாட்டோம்தான். ஆனால் மெயில் தரும்வழி எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது, டொமைன். பழைய டொமைனுக்கு ஒன்பது வருட நற்பெயர் இருந்தது. ஒவ்வொரு கிழமையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது, ஆக்கள் திறக்கிறார்கள், சிலர் பதிலும் எழுதுகிறார்கள் என்று மெயில் சேர்வர்களுக்குத் தெரியும். புது டொமைனுக்கு வரலாறு ஒன்றுமே இல்லை. நேற்றுப் பிறந்த டொமைன் ஒன்று இன்றைக்கு ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் மெயில் அனுப்பினால், கள்ளன் செய்கிற வேலை மாதிரித்தான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தொகையைக் கூட்டி அனுப்பியிருக்கவேண்டும். கம்பியூட்டர் சயன்ஸ் படித்தவன், இது எனக்குத் தெரியாத விசயமும் இல்லை. அவசரம்.

மூன்றாவது, சட்டம். கனடாவில் 2014 ஜூலை 1 முதல் ஸ்பாமுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. வர்த்தக நோக்கமுள்ள மெயில் அனுப்ப மூன்று விசயம் தேவை: பெறுகிறவரின் சம்மதம், அனுப்புகிறவர் யார் என்ற தெளிவான அடையாளம், விலகும் வழி. சம்மதம் கேட்கும்போது எதற்காகக் கேட்கிறோம் என்றும் சொல்லவேண்டும். விலகுகிறேன் என்று ஒருவர் சொன்னால் 10 வேலை நாளுக்குள் விடவேண்டும். மீறும் நிறுவனத்துக்கு அதிகபட்சத் தண்டம் ஒரு கோடி டொலர், தனி ஆளுக்குப் பத்து லட்சம். என்னைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. வந்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை வாசித்தபோது உறைத்த விசயம் வேறு. 2014இல் ஒருவர் ஆங்குலர் பற்றி அறியத் தந்த முகவரி அது. அந்தச் சம்மதத்தைத் தூக்கி ஏஐ கருவி விற்க நான் பாவித்துவிட்டேன். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும் அது சரியில்லை. சித்தி வீட்டுத் திறப்பை அவசரத்துக்கு வைத்திருக்கத் தந்தால், அந்த வீட்டில் நாம் பார்ட்டி வைப்பதில்லையே.

ஒரு பதில்

இரண்டாவது மெயிலுக்குப் பிறகு ஒரு பதில் வந்தது. ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்கிறவர். தமிழர் இல்லை, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு முன்பின் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். சாரம் இதுதான்: எங்கள் இடத்தில் இன்னும் ஆங்குலர்ஜேஎஸ்ஸில்தான் எல்லாம் ஓடுகிறது. நான் ஒருவன்தான் பார்க்கிறேன். புதிதாக எழுதக் காசு இல்லை என்கிறார்கள். இதைப் பற்றிக் கதைக்க எனக்கு இருந்த கடைசி இடம் உன்னுடைய மெயில். நீயும் போகிறாய் என்றால் சரி, ஆனால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அதில் கோபமே இல்லை. அதுதான் கூடச் சுட்டது. இரண்டு நாள் பதில் எழுதவில்லை. எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு ஒரு வேலை செய்தேன். ஒன்பது வருடத்தில் ஒருமுறையும் செய்யாத வேலை. லிஸ்ட்டில் இருந்து ஐம்பது பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, டெம்ப்ளேட் இல்லாமல், ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: 'போன கிழமை வேலையில் உங்களை ஆகக் கூடக் கஷ்டப்படுத்தினது எது?'

இருபது பேர் வரை பதில் எழுதினார்கள். எந்த ஏஐ கருவி நல்லது என்று அதில் ஒருவரும் கேட்கவில்லை. எழுதினவர் வேலையை விட்டுப்போன பழைய கோட். ஆதரவு முடிந்த லைப்ரரி. அப்டேட் செய்தால் உடையும், செய்யாவிட்டால் செக்யூரிட்டி ஆக்கள் கத்துவார்கள். பாதி பழைய ஆங்குலர்ஜேஎஸ், பாதி புது ஆங்குலர், இரண்டையும் ஒன்றாக ஓடவைத்துக்கொண்டு மூன்று வருடமாக மைக்ரேஷன். ஒருவர் எழுதியிருந்தார்: மீட்டிங்கில் எல்லாரும் ஏஐ பற்றிக் கதைப்பார்கள், மீட்டிங் முடிந்ததும் நான் போய் 2013இல் எழுதின கோட்டைத் திறப்பேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம். கொன்ட்ராக்டராக நான் செய்யும் வேலையே அதுதானே. என்னைக் கூப்பிடுகிற இடங்களில் முக்கால்வாசி, பழையதைத் தூக்கி நிறுத்தத்தான் கூப்பிடுகின்றன. 1959இல் வடிவமைக்கத் தொடங்கிய மொழி கோபோல். 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜேர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி பகிரங்கமாக கோபோல் தெரிந்தவர்களை உதவிக்குக் கேட்டார். சொஃப்ட்வெயர் உலகத்தில் 'முடிஞ்சுது' என்று அறிவிப்பது ஒன்று, உண்மையில் முடிவது இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் இருபது, முப்பது வருடம் இருக்கலாம். அந்த இடைவெளியில் வேலை செய்கிறவர்களுக்கு எழுத ஆளில்லை. அந்த ஆக்கள் என் லிஸ்ட்டிலேயே இருந்தார்கள். நான் அவர்களை விட்டுவிட்டு ஏஐ என்று ஓடியிருக்கிறேன்.

பெரியப்பாவின் கடை

பெரியப்பா 90களில் ஸ்காபரோவில் வீடியோக் கடை வைத்திருந்தார். உங்களில் கனபேரின் அப்பா அம்மாவுக்கு அப்படி ஒரு கடை ஞாபகம் இருக்கும். சுவர் முழுக்க விஎச்எஸ் கசெட், வெள்ளிக்கிழமை பின்னேரம் சனம். பிறகு கசெட் போய் டிவிடி வந்தது, டிவிடியும் படுக்கத் தொடங்கியது. பெரியப்பா என்ன செய்தார்? கவுண்டரின் ஒரு மூலையில் கோலிங் கார்ட் வைத்தார். ஊருக்கு எடுக்கிறவர்கள் வந்து வாங்கினார்கள். வாங்க வந்தவர்களிடம் "வேறென்ன தேவைப்படுது?" என்று கேட்பார். பார்சல் அனுப்ப இடமில்லை என்றார்கள். பார்சல் எடுக்கத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்த்தால் கடை ஓடுவதே பார்சலிலும் கார்ட்டிலும்தான். அதற்குப் பிறகுதான் ஏணி வைத்து ஏறிப் பலகையை மாத்தினார். புதுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பழைய பெயரும் கொஞ்சக் காலம் இருந்தது. சனத்துக்கு அது எப்பவும் 'ராசா அண்ணையின்ட கடை'தான்.

அவர் எம்பிஏ படிக்கவில்லை. ஆனால் வரிசை தெரிந்திருந்தது. முதலில் ஆக்களைக் கேட்டார். பிறகு சாமானை மாத்தினார். கடைசியில்தான் பலகை. நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். முதலில் பலகை, பிறகு சாமான், கடைசியில், அதுவும் ஒருவர் மெயில் போட்டுச் சுட்ட பிறகு, ஆக்கள்.

இங்கேதான் ஹோஸ்ட் அண்ணாமாரோடு நான் முரண்படுகிறேன். அவர்கள் 'மாத்துறது' என்று ஒரே சொல்லில் சொன்னது உண்மையில் இரண்டு வேலை. எதைப் பற்றி, யாருக்கு எழுதுகிறோம் என்பதை மாத்துவது ஒன்று. பெயர், லோகோ, முகவரியை மாத்துவது மற்றொன்று. இரண்டையும் ஒரே நாளில் செய்தால், வாசிக்கிறவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. பெயர் அதே என்றால் புது விசயத்துக்கும் ஒரு சான்ஸ் குடுத்துப் பார்ப்பார். விசயம் அதே என்றால் புதுப் பெயரையும் பழகிக்கொள்வார். இரண்டும் புதிது என்றால் அது அந்நியன் அனுப்பிய மெயில்.

நல்லபடி மாத்தினவர்களும் இருக்கிறார்கள். டெவலப்பர்களுக்கான நியூஸ்லெட்டர் என்றால் கூப்பர்பிரஸ் தெரிந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வீக்லி, ரூபி வீக்லி எல்லாம் அவர்களுடையதுதான். அவர்களிடம் ஹெச்டிஎம்எல்5 வீக்லி என்று ஒன்று இருந்தது. தொடங்கின காலத்தில் 'ஹெச்டிஎம்எல்5' என்பது மந்திரச் சொல். 2014 அக்டோபரில் அது டபிள்யூ3சியின் முறையான தரமாக வந்தும் விட்டது. அதற்குப் பிறகு எல்லா வெப்சைட்டும் ஹெச்டிஎம்எல்5தான். மீனுக்கான இதழுக்கு 'தண்ணீர் மீன்' என்று பெயர் வைப்பதுபோல ஆகிவிட்டது. அவர்கள் அதை ஃப்ரொன்ட்எண்ட் ஃபோகஸ் என்று மாத்தினார்கள். வாசிக்கிறவர் அதே ஆள்தான்: பிரவுசருக்குள் ஓடுகிற விசயங்களைச் செய்கிறவர். அவருடைய வேலைக்கு உலகம் வைக்கும் பெயர் மாறியது, பலகையும் மாறியது. அது சரியான ரீபிராண்ட்.

அண்ணாமார் சொல்வதிலும் ஒரு உண்மை

ஒன்றும் செய்யாமல் இருந்தால் நியூஸ்லெட்டர் சாகும் என்பதை மறுக்கமாட்டேன். என்னுடையது 2019இலேயே சாகத் தொடங்கிவிட்டது. நான்தான் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்தபோதும் பிழையான இடத்தில் பார்த்தேன். மெயில் திறக்கும் வீதத்தைப் பார்த்து 'பரவாயில்லை, கூடுது' என்று சந்தோசப்பட்டேன். 2021 செப்டம்பரில் அப்பிள் ஐஓஎஸ் 15இல் மெயில் பிரைவசி பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதைப் போட்டிருப்பவரின் மெயிலுக்குள் இருக்கும் படங்களை, அவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், அப்பிளின் சேர்வரே முன்கூட்டி இறக்கிவிடும். திறந்ததைக் கண்டுபிடிக்க நாம் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் படமும் அதோடு இறங்கும். ஆகவே ஒருவரும் வாசிக்காமலே வீதம் ஏறும். நான் பார்த்துச் சந்தோசப்பட்டது இயந்திரம் திறந்த மெயில்களை.

ஆகவே மாத்துங்கோ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த அளவுகோலைப் பார்த்து மாத்துகிறீர்கள் என்று பாருங்கோ. எனக்கு இப்போது இருக்கும் ஒரே அளவுகோல், எத்தனை பேர் மெயிலுக்குப் பதில் எழுதுகிறார்கள் என்பது. அதை ஒரு இயந்திரமும் எனக்காக இன்னும் செய்து தருவதில்லை.

நான் பிறகு செய்தது

ஸ்பொன்சரிடம் சொன்னேன், நிப்பாட்டினேன். அந்த மாதம் அது சும்மா விசயம் இல்லை. மனைவியோடு ஒரு இரவு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்தோம். பழைய டொமைனுக்குத் திரும்பினேன். பழைய பெயரிலேயே ஒரு மெயில் அனுப்பினேன்: நான் செய்தது இது, அது பிழை, இனிமேல் பழைய கோட்டைப் பராமரிக்கிறவர்களுக்கும் மைக்ரேஷன் செய்கிறவர்களுக்கும்தான் எழுதப்போகிறேன், அது உங்களுக்குத் தேவை என்றால் இந்த லிங்க்கை அமத்துங்கோ, அமத்தாவிட்டால் இரண்டு ஞாபகமூட்டலுக்குப் பிறகு உங்கள் முகவரியை நானே அழித்துவிடுவேன்.

ஆயிரத்துச் சொச்சத்தில் நானூறு பேர் வரை மிஞ்சினார்கள். ஒன்பது வருடச் சேமிப்பில் பாதிக்கு மேல் அழிக்கும் பொத்தானை அமத்தும்போது கை நடுங்கியது, பொய் சொல்லமாட்டேன். புது விசயத்தைப் பழைய பெயரிலேயே நாலு மாதம் எழுதினேன். அதற்குப் பிறகுதான் பெயரை மாத்தினேன். பத்து மெயில் வரைக்கும் முதல் வரியில் 'முன்னைய பெயர் இது' என்று போட்டேன். புதுப் பெயரில் எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லை.

இன்றைக்கும் அது எனக்குக் காசு உழைத்துத் தருவதில்லை. மெயில் அனுப்பும் செலவு என் கையிலிருந்துதான். ஆனால் ஒவ்வொரு திங்களும் பத்துப் பதினைந்து பதில் வருகிறது. அந்த அரச அலுவலக மனிசன் இப்போது என்னை விடக் கூட எழுதுகிறார். போன மாதம் அவருடைய மைக்ரேஷனின் முதல் பகுதி ஓடத் தொடங்கியது. ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருந்தார். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு சாதாரண லொகின் பக்கம். நான் அதை மனைவிக்கும் காட்டினேன்.

இனித் தங்கச்சிக்கு

உங்களுடைய கேள்வியில் இரண்டு சொல் இருந்தது: போடப்போகிற 'ஏஐ', எடுக்கப்போகிற 'தமிழ்'.

ஏஐயைப் பெயரில் போடுவது, நான் 2014இல் ஆங்குலரைப் போட்டது மாதிரி. அது வேறு யாரோ கையில் இருக்கும் சொல். அதன் அர்த்தம் எப்போது மாறும், எப்போது சலிக்கும் என்று நீங்களும் நானும் முடிவு செய்வதில்லை. ஏஐ பற்றி எழுதுங்கோ, கட்டாயம் எழுதவேண்டும். இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லை. உள்ளே எழுதுங்கோ. பலகையில் வேண்டாம்.

'தமிழ்' வேறு விசயம். அது உங்கள் வாசகர் யார் என்று சொல்லும் சொல். வீட்டில் முதல் ஆளாக இந்த வேலைக்குப் போகிறவர், லிங்க்ட்இன்னில் தெரிந்த மாமா ஒருவரும் இல்லாதவர், சம்பளம் பேச வீட்டில் யாரும் சொல்லித்தராதவர், அம்மாவுக்கு 'கொன்ட்ராக்ட்' என்றால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை என விளங்கப்படுத்தக் கஷ்டப்படுகிறவர். எல்லா டெவலப்பருக்கும் பொதுவாக எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் கொம்பனிகளும் இருக்கின்றன. இந்தப் பிள்ளைக்கு எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்குக் கூகுள் ஒரு கடைசித் தேதி போட்டது. தமிழுக்கு அப்படித் தேதி போட ஒரு கொம்பனிக்கும் உரிமை இல்லை.

ஒருவேளை உங்கள் வாசகர்களே மாறியிருக்கலாம். பாதிப் பேர் தமிழர் இல்லை என்றால், அவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு பூட்டின கதவு என்றால், எடுக்கத்தான் வேணும். அதை எனக்கும் தெரியாது, அண்ணாமாருக்கும் தெரியாது. உங்கள் லிஸ்ட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே இந்தக் கிழமை டொமைன் ஒன்றும் வாங்காதேங்கோ. லோகோவுக்குக் காசு குடுக்காதேங்கோ. லிஸ்ட்டில் இருந்து முப்பது பேரை எடுங்கோ. தனித்தனியாக எழுதுங்கோ. போன கிழமை எது கஷ்டம் என்று கேளுங்கோ. வருகிற பதில்களை ஒரே இருப்பில் இருந்து வாசியுங்கோ.

வாசித்து முடித்த பிறகும் 'ஏஐ' என்றுதான் பெயர் வைக்கவேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில் வந்து நான் பிழை என்று ஒத்துக்கொள்கிறேன். ஹோஸ்ட் அண்ணாமாருக்கு அதைவிடச் சந்தோசம் இருக்காது.